பருவமும் நட்பும்

பருவம் என்னும் ஒரே சொல்லால் தமிழர் மூன்றினைக் குறித்தனர். ஆண்டின் ஆறு கூறுகளும் பருவம் எனப்பட்டன. மாந்தர் வயதின் படிநிலைகளும் பருவம் எனப்பட்டன. ஒரு செயலைச் செய்தற்குரிய வேளையும் பருவமே. ஒரு சொல் பல பொருள் தாங்கி நிற்குமானால் அப்பொருள்களுக்கிடையே உள்ள உறவைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பார், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த பெருந்தகை. அவ்வுறவைத் தேடும்போது நட்பு என்னும் நான்காவது பொருளையும் உடன் வைத்துப் பார்க்க விழைகிறேன்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இவ்வாறே இரண்டிரண்டு திங்களாக ஆனி, ஆடியாகிய முதுவேனிலோடு ஆண்டு நிறைவுறும். மாணவியர் இதனை எளிதில் மனப்பாடம் செய்துவிடுவர். ஆயினும் சிந்திக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, "அம்மா, நம் ஊரில் அடைமழை ஐப்பசியில் அல்லவா பெய்கிறது? அதனை ஏன் கார் என்று சொல்லவில்லை?" என்று கேட்பாள். நியாயமான வினாவே. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. மேற்கு மலைச்சாரலிலோ ஆனி, ஆடியிலேயே மழை தொடங்கிவிடும். ஏட்டில் உள்ள எல்லை ஒன்று, வானம் வகுக்கும் எல்லை வேறொன்று. புரட்டாசி இறுதி நாள் இரவோடு கார் முடிந்து, மறுநாட் காலையில் கூதிர் பிறந்ததைக் கண்ணால் கண்டவர் எவருமிலர்.

வாழ்வின் பருவங்களும் அவ்வாறே மாறுகின்றன. பணிநிறைவு ஆணை ஒரு தேதியைத் தாங்கி வரும். ஆயின் மறுநாட் காலை எட்டரை மணிக்குக் கால்கள் தாமே வாயிலை நோக்கி நடக்கும்; கை, மேசைமேல் இல்லாத வருகைப் பதிவேட்டைத் தேடும். மகளுக்குத் திருமணமான பின்னும் பல திங்கள் அவளுக்கும் சேர்த்தே அரிசி அளப்போம்.

பெண்ணின் வயதினைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்தனர் உலா பாடிய புலவர்கள். பேதைக்கு ஐந்து முதல் ஏழு வயது; பேரிளம்பெண்ணுக்கு முப்பத்திரண்டு முதல் நாற்பது. அத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள்! எழுபதைக் கடந்த எங்களுக்கு அவ்வரிசையில் பெயரே இல்லை. இதனை வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. இப்பொழுது எண்ணிப் பார்க்கையில், பெயரிடப்படாத அப்பருவத்தில்தான் நட்பின் தேவை மிகுதி என்று தோன்றுகிறது.

இளமையில் நட்பினைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஒரே பலகையில் அமர்ந்தோம், ஒரே கிணற்றில் நீர் இறைத்தோம், ஒரே விடுதியில் உண்டோம் என்பதே போதுமானது. பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் போகையில், எதிர்வீட்டு அம்மையார் முதல் நாளே காப்பி கொண்டுவந்து கொடுத்து அக்காளாகிவிடுவார். அவ்வூரை விட்டு நீங்கிய பின் அந்நட்பும் மெல்ல மங்கும். அது குறித்துத் தம்மையே நொந்துகொள்வோர் பலர். நொந்துகொள்ளத் தேவையில்லை என்பேன். முன்பனியில் பூத்தது இளவேனிலிலும் பூத்திருக்கவில்லை என்பதனால் அது பூக்கவே இல்லை என்றாகுமா?

சமண முனிவர்கள் இயற்றியதெனப் போற்றப்படும் நாலடியார், நட்பினை மூவகை மரங்களோடு ஒப்பிடுகிறது. கடைப்பட்டோர் நட்பு கமுகு. இடைப்பட்டோர் நட்பு தென்னை. தலையாயோர் நட்பு பனை. கமுகுக்கு இடைவிடாது நீர் வேண்டும். மேற்கு வெயில் பட்டால் தண்டு வெந்துபோகும். தென்னைக்கு அவ்வப்போது கவனிப்பு வேண்டும். பனையோ விதை ஊன்றிய நாளில் செய்ததே போதும் என்று, எவர் துணையுமின்றி வளரும். ஒருமுறை செய்த உதவியை என்றும் மறவாதவரே உயர்ந்த நண்பர் என்பது கருத்து.

உவமை மிக அழகியது. எனினும் முதியோர் இதனைப் படிக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பனை காய்க்கப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகும். இருபது வயதில் ஊன்றியவர்க்கு அது நிழலும் நுங்கும் தரும். எழுபதில் ஊன்றுபவர் என் செய்வர்? பழைய பனைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவரும் காலம் இது. ஆகவே, நாள்தோறும் நீரூற்ற வேண்டிய கமுகினை நாம் இகழ்தலாகாது. மாலையில் கோயில் திண்ணையில் அரைமணிநேரம் உடனமர்ந்து பேசுபவர், மருந்துச் சீட்டினைப் படித்துக் காட்டும் பக்கத்து வீட்டு இளைஞர், வாரம் ஒருமுறை தொலைபேசியில் நலம் கேட்கும் பழைய மாணவி ஆகியோரின் நட்பு அன்றாடப் பேணுதலைக் கேட்கும் நட்பே. முதுமையில் நமக்குப் பொழுது இருக்கிறது, நீரூற்றலாம்.

பயிற்சிப் பள்ளியில் என்னுடன் பயின்ற தோழி ஒருவர் இருக்கிறார். எங்களுடையது பனை நட்பு என்றே நான் எண்ணியிருந்தேன். கடிதம் நின்று தொலைபேசி வந்தது, ஞாயிறுதோறும் பேசினோம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய செவித்திறன் குறைந்தது. செவிக்கருவி பொருத்தியும் தொலைபேசிக் குரல் அவருக்குத் தெளிவாகவில்லை. நான் ஒன்று சொல்ல அவர் வேறொன்றுக்கு விடையளித்தார், பின்னர், "எல்லாரும் சுகந்தானே?" என்று மட்டும் கேட்டு விரைவில் வைத்துவிடலானார். தம் குறை பிறர்க்குச் சுமையாகிறதே என்ற நாணத்தால் செவி இழந்தோர் ஒதுங்கிக்கொள்வது இயல்பு. கண்ணிழந்தோரிடம் இரங்கும் உலகம், செவி இழந்தோரிடம் எளிதில் சினங்கொள்கிறது. நாங்கள் மீண்டும் கடிதத்திற்குத் திரும்பினோம். என் கையெழுத்து நடுங்குகிறது. அவருடையது இன்னும் பயிற்சிப் பள்ளிக் கரும்பலகையில் எழுதியது போலவே இருக்கிறது. தொலைபேசியில் ஒருநாளும் பேசாத செய்திகள், தம் கணவர் மறைந்த ஆண்டு அவர் பட்ட துயரம் உட்பட, இப்பொழுதுதான் எனக்கு எழுதுகிறார்.

நூல்களின் அதிகார வைப்பிலும் ஒரு பாடம் உண்டு. திருக்குறளில் நட்பாராய்தலை அடுத்துப் பழைமை வருகிறது. அதன் பின்னரே தீ நட்பும் கூடா நட்பும் வருகின்றன. நாலடியாரிலும் நட்பாராய்தல், நட்பிற் பிழை பொறுத்தல், கூடா நட்பு என்பதே வரிசை. ஆராய்ந்து கொள்ளுதலுக்கும் விலக்குதலுக்கும் இடையே, பொறுத்தல் என்னும் படி இரு நூல்களிலும் அமைந்திருக்கிறது. நம்மில் பலர் அந்நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். சொன்ன கதையையே பத்தாம் முறையும் சொல்லும் நண்பரிடம் பொறுக்க வேண்டியது பெரும்பிழை ஒன்றுமில்லை. கேட்டிராதது போல் கேட்டால் போதும்.

புதிய நட்பு, மாறிய பருவத்தில்தான் வாய்க்கிறது என்பதற்கு உ.வே.சாமிநாதையர் வாழ்க்கை நல்ல சான்று. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ஆம் ஆண்டில் மறைந்தார். 1880இல் ஐயர் திருவாவடுதுறையை விட்டுக் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். சைவ நூல்களில் தோய்ந்த அவருக்குச் சமண நூலின் மரபுகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் போன்றோர் ஐயம் அகற்றினர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணாக்கராக அமர்ந்து கேட்க, அவர்கள் தம் வீட்டு நூலைப் பகிர்ந்துகொண்டனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இதில் என்னைப் பெரிதும் கவர்வது பிற்செய்தி. எண்பத்தைந்தை ஒட்டிய வயதில் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதிய ஐயர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் பழகிய அந்நண்பர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அது பனை நட்பு.

ஆசிரியைக்குரிய வழக்கப்படி வாசக அன்பர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு தாளில், நீங்கள் வாழ்ந்த ஊர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே, அங்கு உங்களோடு பழகிய ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவர்களில் இன்றும் முகவரி தெரிந்தவர் எவரேனும் இருப்பின், அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீண்ட நாள் எழுதாமைக்குக் காரணம் தேட வேண்டாம். உங்கள் ஊரில் இப்பொழுது மழையா, பனியா, வெயிலா என்று தொடங்கினால் போதும். மற்றவை தாமே வரும்.