ஒரே முகம், வேறு குணம்

கவ்வாத்து முடிந்த தேயிலை வாதில் சாம்பல் நிறமாக ஒட்டியிருக்குமே, சுரண்டி எடுப்போமே, அதைப் பாசி என்கிறோம். ஆனால் எல்லாமே பாசி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேளுங்கள், "இலைக்கன்" என்பார்கள். ஒரு பங்கசும் ஒரு அல்காவும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துவதே இலைக்கன். அல்கா வெயிலில் சாப்பாடு ஆக்கும்; பங்கசு வீடாக இருந்து காக்கும். 1867இல் சைமன் சுவெண்டனர் என்ற சுவிஸ் அறிஞர் இதை எடுத்துச் சொன்னார்.

வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில், மரங்களில் தலைமயிர் போல இரண்டு இலைக்கன்கள் தொங்கும். ஒன்று கடுங்கபில நிறம். அங்குள்ள பூர்வீக மக்கள் அதை மண்குழியில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். மற்றது மஞ்சள். அதில் வல்பினிக் அமிலம் என்ற விஷம் கூடுதல்.

சோதித்துப் பார்த்தால் இரண்டிலும் அதே பங்கசு, அதே அல்கா! வித்தியாசம் எங்கே என்று தேடிய டோபி ஸ்பிரிபில் குழுவினர், 2016இல் மூன்றாவது ஆளைக் கண்டார்கள். அது மதுவம், அதாவது ஈஸ்ட். மஞ்சளில் அது மிக அதிகம்.

இதிலே நமக்கும் பாடம் இருக்கு. மழைக்குப் பிறகு மலையில் பறிக்கும் காளானும் அப்படித்தான். "போன கிழமை தின்னதும் இதே மாதிரிதானே" என்று சட்டியில் போட்டுவிடாதீர்கள். பல காளான்களின் விஷம் வேகவைத்தாலும் போகாது. சந்தேகம் வந்தால் வீசிவிடுங்கள். சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றோட்டம் கண்டால், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.