பாசியின் கதிரியக்கத்தை அளக்க வந்த பிள்ளைக்கு

1. முதலில் பாசியைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகு, தாயி. மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கை பட்டதுமே பிரித்துவிடுவார்கள். அயோடினை உறிஞ்சுவதில் பழுப்புப் பாசியின் பசி தனி. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் வரும் எண் எந்தப் பாசிக்கும் சொந்தமில்லை.

2. பாசி எடுத்த இடத்திலேயே கடல்நீரும் எடு. பாசியின் ஒரு கிலோவில் உள்ள கதிரியக்கத்தை (பெக்கரலில்) நீரின் ஒரு கிலோவில் உள்ளதால் வகுத்தால்தான் செறிவு மடங்கு கிடைக்கும். நீர் அந்த நேரத்தைச் சொல்லும், பாசி போன மாதங்களைச் சொல்லும். அதனால் ஒரே ஒரு குப்பி நீரை நம்பிவிடாதே.

3. மணலைக் கழுவு, அதுவும் கடல்நீரில். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. பாசியில் தோரியம் கூடியிருப்பதாக ஒரு பையன் துள்ளிக்கொண்டு வந்தான். மறுபடி கழுவச் சொன்னேன். அவன் கண்டுபிடிப்பில் பெரும்பகுதி வாளியின் அடியில் மணலாகக் கிடந்தது. மகிழ்ச்சி தரும் எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

4. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், சீசியம்-137க்கு முப்பது ஆண்டு. முன்னதற்கு ஓடு, பின்னதற்குப் பொறு. ஃபர்னஸில் சாம்பலாக்கும் அவசரத்தில் அயோடினும் பொலோனியமும் பறந்துவிடும்.

5. நிறமாலையில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உயர்ந்து நிற்பது பொட்டாசியம்-40. அது இயற்கை. அதைக் காட்டி ஊரைப் பயமுறுத்தாதே. ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன உணர்வி காமாக் கதிரைத்தான் பார்க்கும். பீட்டா மட்டும் உமிழும் டெக்னீசியம்-99 அதற்குத் தெரியாது. சீசியம் தெரியவில்லை என்றால் சுழி போடாதே, கருவியின் கண்டறியும் எல்லையை எழுது. எழுதக் கூச்சமாக இருக்கும், எழுது.

6. யார் சாப்பிடுகிறார்கள் என்று கேள். இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் அணுநிலையக் கழிவு கலந்த கடலின் கம்ப்ரியா கரையில் போர்ஃபிரா என்ற பாசியைப் பறித்து, தொலைவில் தெற்கு வேல்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே அதை வேகவைத்து ‘லேவர்பிரெட்’ என்று சாப்பிட்டார்கள். பாசியில் சேர்ந்தது ருத்தேனியம்-106. நிலையம் எவ்வளவு கழிவு விடலாம் என்பதைக் கணக்கிட, அந்தப் பாசியை அதிகம் உண்பவர்களின் தட்டையே அளவுகோலாக வைத்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவரை மட்டும் பார்த்திருந்தால் தவறியிருக்கும். நம் கரையிலோ பாசி பெரும்பாலும் அகாருக்கும் ஆல்ஜினேட்டுக்கும் போகிறது. ஆகவே நம் கேள்வி வேறு. இடுப்பளவு நீரில் நின்று அதைப் பறிப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, எங்கே, எந்த மாதம், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்.