தாத்தாவுக்குத் தெரிந்த விமானம்

கோயம்புத்தூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவுக்கு எண்பது நிறைகிற நாளில், அவர் வேலை பார்த்த நேட் போர்விமானத்தின் மாடலை உன் கையாலேயே செய்து கொடுக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பரிசும் இதற்கு ஈடாகாது. எந்த கிட் வாங்குவது, என்ன பசை, என்ன பெயின்ட் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற யோசனைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

சேகோன் பறந்த நேட்டைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மீது பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்க வந்தபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பி, அவற்றை எதிர்த்துப் போரிட்டு உயிர் கொடுத்தவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவரை நினைத்து ஒரு மாடல் செய்வது உயர்ந்த காரியம். அதை வேறொரு நாள் செய். இந்த முறை வேண்டாம்.

ஏன் தெரியுமா? சேகோன் அன்று அந்த நொடியில் கிளம்ப முடிந்தது என்றால், அந்த விமானம் கிளம்பும் நிலையில் இருந்தது என்று அர்த்தம். அதை அப்படி வைத்திருந்தவர்கள் ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், ஆர்மரர்கள். விமானிகளின் பெயர்களை நாம் புத்தகத்தில் படிக்கிறோம். இவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. உன் தாத்தா அவர்களில் ஒருவர். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக அந்த விமானத்தின் தகட்டையும் ரிவெட்டையும் வருஷக்கணக்காகத் தொட்டுப் பார்த்தவர். நம் கற்பனையில் நேட் எப்போதும் வானத்தில் பறக்கிறது. அவர் நினைவில் அது தரையில், கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. அந்த விமானத்தைச் செய். பார்த்ததும் ‘இது நான் பார்த்துக்கொண்ட வண்டி’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். நீ எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் இந்த ஒன்றை வைத்தே எடை போடு.

மாடல் விமானங்கள் பெருமளவில் செய்யப்பட்டதே ஒரு காலத்தில் அடையாளம் காண்பதற்காகத்தான். 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர மாடல்கள் செய்து தரக் கேட்டது. எல்லாம் 1/72 அளவு. வானத்தில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று கண்டுகொள்ள வீரர்களைப் பழக்குவதற்கு அவை பயன்பட்டன. அந்த அளவு மாடலை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அரை மைல் தூரத்தில் உள்ள நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். மூக்கு கொஞ்சம் நீண்டாலும், இறக்கையின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் அந்த மாடலால் பயன் இல்லை. பிள்ளைகள் உருவத்தின் உண்மைக்காக அத்தனை கவனம் எடுத்தார்கள். நீயும் எடு. உன் மாடலைப் பார்க்கப் போகிறவர் அரை மைல் தூரத்தில் இல்லை, பக்கத்திலேயே இருந்தவர்.

ஆகையால், கிட் வாங்குவதற்கு முன் தாத்தாவிடம் போய் உட்கார். அவருக்குத் தெரியாமல் செய்து திடீரென்று நீட்ட வேண்டும் என்ற ஆசை உனக்கு இருக்கும். அதை விட்டுவிடு. ஒரு நாள் திகைப்பைவிட, நீ வந்து கேட்டாய், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய் என்பது அவருக்குப் பெரிது. பேட்டி எடுப்பவள் போல நோட்டுப் புத்தகத்தோடு போகாதே. சாப்பாடு முடிந்து திண்ணையில் இருக்கும்போது மெல்ல ஆரம்பி. எந்த ஸ்குவாட்ரன், எந்தத் தளம், அப்போது விமானம் என்ன நிறத்தில் இருந்தது, வால் பக்கம் என்ன எண், இறக்கைக்கு அடியில் டிராப் டேங்க் மாட்டியிருந்ததா, எந்த இடத்தில் அடிக்கடி வேலை வைக்கும் என்று கேள். பழைய புகைப்படம் இருந்தால் ஃபோனில் படமெடுத்துக்கொள். சில கேள்விகளுக்கு அவர் பேசாமல் இருப்பார். திரும்பி வராத விமானத்துக்காக நின்றவர்களின் மௌனம் அது. அங்கே அழுத்தாதே. அவர் சொன்னதையே வைத்துச் செய்.

இனி விமானத்தைப் பற்றி. பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனத்துக்காக பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது நேட். போர்விமானங்கள் கனமாகவும் விலை கூடியவையாகவும் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், சிறியதாக, லேசாக, மலிவாக ஒன்றைச் செய்ய முடியும் என்று நிரூபிக்க அவர் நினைத்தார். 1955 ஜூலையில் அது முதலில் பறந்தது. அடுத்த வருஷமே இந்தியா உரிமம் வாங்கியது. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் அதைக் கட்டத் தொடங்கியது. நீளம் முப்பது அடி கூட இல்லை. இறக்கை முனைக்கு முனை 22 அடிதான். சேபருக்கு முன்னால் சிறு பூச்சி போல இருந்தாலும், 1965 போரில் அதைத் திணற வைத்தது. குறைகளும் இருந்தன. கட்டுப்பாட்டு அமைப்பு தொல்லை கொடுத்தது, பீரங்கிகள் சிக்கிக்கொண்டன. அந்தத் தொல்லைகளோடு ராப்பகலாக மல்லுக்கட்டியவர்கள் தரைப் பணியாளர்கள். நேட்டின் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கிட் வாங்கும்போது ஏமாந்துவிடாதே. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் நேட், ரெட் ஆரோஸ் என்ற பிரிட்டிஷ் சாகசக் குழுவின் சிவப்பு விமானம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பெட்டியில் வருவது அதுதான். அது இரண்டு இருக்கை கொண்ட பிரிட்டிஷ் பயிற்சி விமானம். உடலும் நீளம், இறக்கையும் பெரிது. நம் விமானப்படையில் அது இருந்ததில்லை. பெயின்டை மாற்றினால் மட்டும் அது தாத்தாவின் நேட் ஆகிவிடாது, பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். ‘அஜீத்’ என்று போட்ட பெட்டியும் வேண்டாம். அது நேட்டை மேம்படுத்தி 1975க்குப் பிறகு வந்தது. ஒற்றை இருக்கை நேட் என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடி வாங்கு. 1/48 கிடைத்தால் நல்லது, மாடல் 18 சென்டிமீட்டர் வரும், வயதான கண்ணுக்கு வசதி. 1/72தான் கிடைத்தது என்றால் 12 சென்டிமீட்டர். அதுவும் போதும். சிறு நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் கிட்டுகளில் பாகங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தாது. அதற்காக மனம் தளராதே. பசை போடுமுன் ஒவ்வொரு பாகத்தையும் வைத்துப் பார்த்து, தேய்த்து, மறுபடி வைத்துப் பார்.

வேலை முறை இதுதான். பாகங்களைச் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் அதில் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை பிளேடாலும் வாட்டர் பேப்பராலும் சரிசெய். பிளாஸ்டிக் சிமென்ட் பாகங்களின் விளிம்பைக் கரைத்து ஒன்றாக்கிவிடும், ஆகவே கொஞ்சமாகத் தொடு, ஒரு ராத்திரி காயவிடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய். தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள். உடலின் இரு பாதியையும் ஒட்டுமுன் மூக்குக்குள் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு வை. சக்கரங்களை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி நிறுத்திப் பார்த்து, வால் தரையைத் தொடாத அளவு எடை இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே மூடு. மூடிவிட்டால் திருத்த முடியாது. காக்பிட்டின் கண்ணாடி மூடிக்கு சூப்பர் க்ளூ போடாதே, அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.

சக்கரங்களை இறக்கி, மூடியைத் திறந்து, விமானத்தைத் தரையில் நிறுத்து. பறக்கிற கோலத்தில் கம்பி மேல் வைக்காதே. அவர் அதைப் பார்த்தது நின்ற கோலத்தில். மூடி பின்பக்கம் கீலிட்டு மேலே திறக்கும். சக்கரக் கதவுகளை ஒட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். நேட்டில் அந்தக் கதவுகளே வானத்தில் வேகத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்காகவும் வேலை செய்தன. ஏர்ஃப்ரேம் ஃபிட்டரின் கண் முதலில் அங்கேதான் போகும். காற்று உள்ளே போகும் இரு பக்கத் துவாரங்களின் உதட்டிலும் ஒவ்வொன்றாக இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். கிட்டில் அந்த வாய் அடைத்திருந்தால் மெல்லிய டிரில்லால் துளையிடு.

நிறம் விஷயத்தில் தாத்தாவின் வார்த்தைதான் கடைசி. 1965இல் நேட்கள் வெள்ளி நிறத்தில் மின்னின. 1971இல் பலவற்றுக்கு உருமறைப்பு வண்ணம் பூசியிருந்தார்கள், அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் படமும் அவர் நினைவும் வேறுபட்டால், அவர் நினைவின் பக்கம் நில். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. பெயின்டை மெல்லிய பூச்சாகப் பல தடவை போடு. மழை நாளில் வார்னிஷ் அடிக்காதே, ஈரக்காற்றில் வெளுத்துவிடும். சின்னமும் எண்ணும் அச்சிட்ட டெக்காலை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் பூசினால்தான் அடியில் காற்று நின்று வெள்ளி போலத் தெரியாமல் இருக்கும். ஒட்டி முடித்த பிறகு மங்கல் வார்னிஷ் பூசு.

இன்னொன்று. மாடல் செய்பவர்களில் பலருக்கு, எண்ணெய்க் கறை, துரு, உரிந்த பெயின்ட் என்று அழுக்கேற்றுவதில் ஆசை அதிகம். அது திறமைதான். இந்த மாடலில் அதை அடக்கி வை. பீரங்கி வாயில் லேசாகக் கரி, பின்பக்கப் புகைப்போக்கியில் வெப்பத்தின் நிறம், தகடுகள் சேரும் கோடுகளில் மெல்லிய நிழல், அவ்வளவு போதும். விமானத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அவருடைய வேலை, அவருடைய மானம். அழுக்கான விமானத்தைக் கொண்டுபோய் வைத்து ‘இது உங்களுடையது’ என்று சொல்லாதே.

கடைசியாக, இது ஒரு போர்க் கருவி என்பதையும் மறக்காதே. பக்கத்தில் எரிகிற சேபரை வைக்காதே. நேட்டில் நட்சத்திரம் வரைந்து எத்தனை வீழ்த்தியது என்று கணக்குக் காட்டாதே. 1971 நவம்பர் 22 அன்று பாய்ரா என்ற ஊரின் வானில் நான்கு நேட்கள் சேபர்களோடு மோதின. இரண்டு பாகிஸ்தான் விமானிகள் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997இல் அந்த நாட்டு விமானப்படையின் தளபதியானார். அன்று நேட்டில் பறந்தவர்களில் ஒருவரான டொனால்ட் லாசரஸ், பின்னாளில் நம் குன்னூரில் குடியேறியவர், குரேஷிக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். குரேஷியிடமிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. சண்டையிட்டவர்களே இப்படி ஒருவரை ஒருவர் மதித்திருக்கும்போது, சண்டையைப் பார்க்காத நாம் வெறுப்பைப் பொம்மையாகச் செய்து வைப்பது முறையல்ல.

தூசி படாமல் அக்ரிலிக் பெட்டியில் வைத்துக் கொடு. நேர் வெயில் படாத, அவர் உட்கார்ந்தால் கண் மட்டத்தில் இருக்கும் இடமாகப் பார். பீடத்தில் விமானத்தின் பெயர், ஸ்குவாட்ரன், ஆண்டு, அதன்கீழ் தாத்தாவின் பெயரும் ‘ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்’ என்ற அவருடைய தொழிலும் இருக்கட்டும். அந்த வரியை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதே. கொடுத்த பிறகு அவர் குறை கண்டுபிடித்தால் மகிழ்ச்சியடை. ‘இந்த மூடி இப்படி இருக்காது’ என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், உன் பரிசு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் சொல்வதை எழுதி வை, திருத்தக்கூடியதைத் திருத்து. மாடல் ஒரு நாள் உடையலாம். அவர் வாயிலிருந்து வந்து நீ எழுதி வைத்தது நம் குடும்பத்தில் நிற்கும். அதற்காகவாவது அவசரப்படாமல் செய். நாள் போதவில்லை என்றால் விழாவுக்குப் பிறகு கொடு, ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு. தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா