ஓரப்பட்டி: கையா, மெஷினா?

அன்பு மகளுக்கு,

ஒட்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிட்டாய். மிச்சம் ஓரப்பட்டிதான். “கையால் எம்மிங் பண்ணட்டுமா பெரியம்மா, மெஷினிலேயே ஓட்டிவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். கைவேலைதான் உசத்தி என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த குயில்ட் யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அதைத் துவைப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

நீ ஆவடிப் பெண். 1961இல் தொடங்கி இன்றும் படைவீரர்களுக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப். தொழிற்சாலை உன் ஊரில்தான் இருக்கிறது. அங்கே தையல் பிரியக் கூடாது என்பதுதான் முதல் தேவை, அதற்கு மெஷின்தான் சரி. மேல்நூலும் பாபின் நூலும் துணிக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எலியாஸ் ஹோவ் என்பவர் 1846இல் காப்புரிமை பெற்றது இந்தப் பூட்டுத் தையல் போடும் மெஷினுக்குத்தான். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் சட்டென்று விட்டுவிடாது. கைத்தையலில் ஒரே நூல். அது அறுந்தால் முன்னும் பின்னும் தளர ஆரம்பிக்கும்.

ஆகவே பட்டியின் முதல் தையல் எப்போதும் மெஷினில்தான். கேள்வி எழுவது பட்டியை மடித்து மறுபக்கம் பிடிக்கும் இரண்டாவது தையலுக்கு மட்டும்.

உன்னுடையது 36க்கு 45 அங்குலம். சுற்றளவு 162. மூலைக்கும் இணைப்புக்கும் இன்னும் பத்து அங்குலம் சேர்த்துக்கொள். 44 அங்குலப் பன்னாவில் இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து கீற்று வெட்டு, நான்கு பற்றாது. கீற்றுகளைச் சாய்வாக இணைத்தால் அந்த இடம் தடித்து நிற்காது. நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுவிடு. வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திவிடு. இல்லாவிட்டால் பட்டி பிறகு சுருங்கி, குயில்ட்டின் ஓரமெல்லாம் அலை அலையாக இழுத்துக்கொள்ளும். நேர் ஓரத்துக்கு நேர்த்துணி போதும். வளைந்த ஓரம் என்றால் கிராஸாகத்தான் வெட்ட வேண்டும்.

கையால் முடிப்பதானால் பட்டியை முதலில் முன்பக்கம் வைத்து, கால் அங்குலம் விட்டு மெஷினில் தை. மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாகத் தூக்கி, திரும்பக் கீழே மடித்து, அடுத்த பக்கத்தைத் தொடங்கு. பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி ஊசியை எடு. ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதே, சிக்கும். பின்துணியில் இரண்டு மூன்று இழையை மட்டும் கவ்வி, பட்டியின் மடிப்புக்குள் ஊசியை நுழைத்து, உள்ளேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு வெளியே எடு. நூல் கண்ணுக்கே தெரியக் கூடாது. சாணுக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டு தையல் போட்டு இறுக்கு. பின்னால் ஓரிடம் அறுந்தாலும் அந்தச் சாணோடு நின்றுவிடும்.

முழுக்க மெஷின் என்றால் வரிசை தலைகீழ், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பட்டியை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் திருப்பி, மடிப்பின் விளிம்பை ஒட்டி மேல்தையல் போடு. அப்போதுதான் கண் பார்க்கும் பக்கத்தில் தையல் நேராக விழும். 16 நம்பர் ஊசி மாட்டு. மெஷினின் பல் கீழ்த்துணியைத்தான் தள்ளும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட் மாட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும். அது இல்லாவிட்டால் நெருக்கமாகக் கிளிப் போட்டு மெதுவாக ஓட்டு.

கைக்குழந்தைக்கு என்று எழுதியிருக்கிறாய். தினமும் நனையும், வாஷிங் மெஷினில் சுழலும், மொட்டை மாடி வெயிலில் காயும். இதற்கு மெஷின்தான். சுவரில் மாட்டுவதோ, பெரியவர்கள் பதமாகப் புழங்குவதோ என்றால் கையால் முடி. ஓரம் மிருதுவாக இருக்கும், பட்டி கோடில்லாமல் உருண்டு நிற்கும்.

கைவேலை அன்றாடப் புழக்கத்துக்குத் தாங்காது என்றும் நினைத்துவிடாதே. கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் படத்திலாவது பார்த்துவிடு. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. அவர்களுக்கு ஓரப்பட்டி என்ற சிக்கலே இல்லை. பழஞ்சேலையை விரித்து, விளிம்பை மடித்துத் தைத்தபடியே ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மூலைகளில் துணியை மடித்து வைக்கும் ‘பூலா’ இல்லாவிட்டால் கவந்தி முழுமையாகாது என்பது அவர்கள் வழக்கம். முழுக்கக் கைத்தையல். அன்றாடம் போர்த்திப் புழங்கத்தான் தைக்கிறார்கள். நெருக்கமான ஓட்டுத்தையல் துணி முழுக்கப் பரவியிருப்பதால் இழுபடும் பாரம் ஓரத்தில் மட்டும் விழுவதில்லை. உன் குயில்ட்டில் ஓரத்தின் பாரத்தைப் பெரும்பாலும் அந்த ஒற்றைப் பட்டிதான் தாங்குகிறது.

அடுத்த குயில்ட்டைக் கையால் முடிக்க ஆசைப்பட்டு, உனக்கு நேரமில்லை என்றால், அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ரவிக்கைக்கு எம்மிங்கும் கொக்கியும் வீட்டிலிருந்தே செய்துகொடுக்கும் அக்காமார் இருக்கிறார்கள். ரவிக்கைக் கணக்கில் அவர்களிடம் கூலி பேசாதே. இந்த அளவு குயில்ட்டுக்கே ஓரம் பதின்மூன்றரை அடி, தடித்த துணி, விரல் நோகும். டேப்பை வைத்து அவர்கள் எதிரிலேயே அள, அடிக்கு இவ்வளவு என்று பேசு. நூலையும் ஊசியையும் நீயே வாங்கிக் கொடு.

அன்புடன்,
பெரியம்மா