பெரிய எழுத்து, சின்ன எழுத்து: கிட் மெர்ஜுக்குச் சில குறிப்புகள்

தமிழில் பெரிய ‘ம’, சின்ன ‘ம’ என்று கிடையாது. ஃபைலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கும்போதுதான் இந்தத் தலைவலி. பெரிய ‘எம்’மில் தொடங்கும் மெனுவும் சின்ன ‘எம்’மில் தொடங்கும் மெனுவும் லினக்ஸுக்கு இரண்டு ஃபைல்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கும். டீமில் மூன்றும் கலந்திருந்தால் மெர்ஜ் அன்று வம்புதான்.

1. எக்ஸ்ப்ளோரரிலோ ஃபைண்டரிலோ போய் எழுத்தை மட்டும் மாற்றாதீர்கள். கிட்டிடம் ஸ்டேட்டஸ் கேட்டால் எதுவும் மாறவில்லை என்றே சொல்லும். ‘கிட் எம்வி’ கட்டளையில் மாற்றுங்கள். 2014-இல் வந்த 2.0.1 பதிப்பு முதல் ஃபைலுக்கு இது ஒரே தடவையில் நடக்கும்.

2. ஃபோல்டரை அப்படி மாற்றப் போனால் பிழை காட்டி நின்றுவிடும். முதலில் ஏதாவது தற்காலிகப் பெயர் கொடுத்து, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே கமிட்டில் போகலாம்.

3. அந்தக் கமிட்டில் வேறு எந்த வேலையும் வேண்டாம். சீக்கிரம் மெயின் பிராஞ்சில் சேர்த்துவிட்டு டீமுக்கும் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் தனி பிராஞ்சில் ஊறப்போட்டால், அதற்குள் யாராவது பழைய பெயரில் புது ஃபைல் சேர்த்திருப்பார்கள்.

4. ‘இக்னோர்கேஸ்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளோன் செய்யும்போதே டிஸ்க்கைப் பார்த்து கிட் தானாக வைத்துக்கொள்வது அது. கை வைத்தால் இரண்டு பெயரும் ரெப்போவுக்குள் குடியேறும்.

5. ‘ட்ராக் செய்யாத ஃபைல் அழிந்துவிடும்’ என்று மெர்ஜ் அடம்பிடிக்கிறதா? உடனே ஃபோர்ஸ் போடாதீர்கள். முடிக்காத வேலையைக் கமிட் செய்யுங்கள். கிட் பெயர் சொல்லும் ஃபைலை ரெப்போவுக்கு வெளியே நகர்த்திவைத்து, மெர்ஜ் முடிந்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் இதைவிட நிம்மதியான வழி, டபிள்யூஎஸ்எல் உள்ளே, அதன் சொந்த டிஸ்க்கில் குளோன் செய்து மெர்ஜை அங்கேயே முடிப்பது. சி டிரைவ் வழியாகப் போனால் பழைய கதைதான்.

6. மெர்ஜுக்குப் பிறகு இரண்டு பெயரும் நிற்கின்றனவா? எதில் கடைசித் திருத்தம் இருக்கிறதென்று முதலில் லாகில் பாருங்கள். வேண்டாத பெயரை ‘கிட் ஆர்எம்’மால் நீக்கும்போது ‘கேஷ்டு’ சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால், டிஸ்க்கில் இருப்பதே ஒன்றுதான், அதுவும் போய்விடும். பிறகு மிச்சமுள்ள பெயரை ஒருமுறை செக்அவுட் செய்யுங்கள். டிஸ்க்கில் இருப்பது நீக்கியதன் உள்ளடக்கமாக இருக்கலாம்.

7. சந்தேகம் வந்தால் ஃபோல்டரைப் பார்க்காமல் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி வரிசைப்படுத்தினால் இரட்டைப் பிறவிகள் அகப்படும். 2.20 பதிப்பு முதல் குளோனின்போது கிட்டே எச்சரிக்கிறது.

8. எல்லா இரட்டையும் தவறல்ல. லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தளவு மட்டும் வேறான ஜோடி ஃபைல்கள் வேண்டுமென்றே இருக்கின்றன. மேக்கில் குளோன் செய்ததும் சில ஃபைல்கள் தொடாமலே ‘மாறியது’ என்று காட்டும். ‘சரி’ செய்கிறேன் என்று கமிட் போட்டுவிடாதீர்கள்!

9. பெயர் மாற்றிய கையோடு இம்போர்ட் வரிகளையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் லேப்டாப்பில் ஓடும், லினக்ஸ் சர்வரில் பில்டு விழும்.