மோட்டார் சைக்கிள் என்ஜின் மிகையாகச் சூடேறுதல்: காரணமும் பரிகாரமும்

திருத்தணிச் சுற்றுக் கிராமங்களில் இக்காலத்தில் குடியானவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஏர், கவலைகளைப் போலவே ஒரு தொழிற் கருவியாகிவிட்டது. பால் கேனையும் உரமூட்டையையும் சுமந்துகொண்டு வயலோரப் பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டி, கத்திரி வெயிலில் அளவு கடந்து சூடேறுவது இயல்பு. இதனை அலட்சியம் செய்வோமாயின் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்பொழுது பின்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவர் விழவும் நேரிடும். ஆதலின் இதன் காரணங்களை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

சூடு உண்டாகும் விதம்

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பாகமே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது உஷ்ணமாகப் புகைக்குழாய் வழியாகவும், சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளின் மீது படும் காற்றினாலும், எண்ணெயினாலும் வெளியேறுகின்றது. ஆகவே உஷ்ணம் அதிகமாக உண்டானாலும், வெளியேறும் வழி அடைபட்டாலும் என்ஜின் கொதிப்பேறும்.

அறிகுறிகள்

காற்றினால் குளிரும் என்ஜின் கை வைக்க முடியாதபடி சுடுவது மட்டும் பழுதாகாது. சிறிது தூரம் ஓடியபின் இழுவை குறைதல், ஏற்றத்தில் 'டக் டக்' என்னும் ஓசை, எண்ணெய் தீயும் நாற்றம் ஆகியவையே கவனிக்கத் தக்கவை. ஓடும்பொழுது என்ஜின் இறுகுவதாகத் தோன்றினால் உடனே கிளட்சைப் பிடித்து, வண்டியை ஓரமாக நிறுத்துக. நிழலில் அரைமணி நேரம் ஆறவிடுக. தண்ணீர் ஊற்றலாகாது, சூடேறிய உலோகம் சடுதியில் சுருங்கி விரிசல் காணக்கூடும். நீரால் குளிரும் வண்டியாயின், ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

சோதிக்க வேண்டிய முறை

செலவில்லாதவற்றை முதலிற் பார்த்து, பிறகு மற்றவற்றிற்குச் செல்க.

1. எண்ணெய்: 100 சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயே உண்டு. அதிலும் சிறிது குறைந்தால் தீங்கு பெரிது. வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி அளவு பார்க்கவும். வண்டியுடன் தந்த புத்தகத்திற் கூறிய வகையையே, அதிற் கூறிய கெடுவில் மாற்றவும்.

2. தகடுகள்: நடவுக் காலத்தில் சேறு தகடுகளின் இடையே படிந்து காய்ந்துவிடும். ஆறிய பின் மரக்குச்சியாற் சுரண்டிக் கழுவுக. என்ஜினுக்கு முன்புறம் சாக்கு, பை முதலியன கட்டிக் காற்றை மறைக்க வேண்டாம்.

3. பிரேக்கும் செயினும்: வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. தடையின்றிச் சுழலாவிடில் பிரேக் உராய்கின்றது, அல்லது செயின் மிக இறுகியுள்ளது. காற்றுக் குறைந்த டயரும் என்ஜினுக்குச் சுமையே.

4. கலவை: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. நுனி இளம் பழுப்பாயின் நன்று. சுண்ணாம்பு போல் வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருத்தல் கூடும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்திருப்பதும், அதனை என்ஜினுடன் சேர்க்கும் ரப்பர் வெடித்துக் காற்றுப் புகுவதும் இதற்குக் காரணங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பெட்ரோலைப் பீய்ச்சும் வகை வண்டிகளில் இதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

5. தீப்பொறியும் வால்வும்: திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட் போன்ற, பாயிண்டு உள்ள வண்டிகளில் தீப்பொறி உரிய நேரத்திற்குப் பிந்தினாலும் முந்தினாலும் சூடு மிகும். வால்வு இடைவெளியையும் உடன் சரிபார்க்கச் செய்க.

ஓட்டும் முறை

பழுதற்ற வண்டியும் தவறாக ஓட்டினாற் கொதிக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்பாதையில் நின்று நின்று ஏறுகையில் தகடுகளின் மேல் காற்றுப் படுவதில்லை. கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஏறாமல், தாழ்ந்த கியரில் கிளட்சை முழுதும் விட்டுச் செல்க. நெடுநேரம் நிற்க நேரின் என்ஜினை அணைத்து வைக்க.

மேற்கூறியவற்றில் முதல் மூன்றும் கால் மணி நேர வேலை, காசு செலவில்லை. கிராம அலுவலர்கள் கூட்டங்களில் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், பலருக்குப் பெருஞ்செலவும் விபத்தும் நீங்கும்.