அலுவலகக் கணினியும் இயங்குதள மாற்றமும்

கணினியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாமல் இருந்து, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளையெல்லாம் ஒருங்கே ஆண்டு நடத்தும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். நம் நாட்டு அலுவலகங்களில் மிகுதியும் வழங்குவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த லினக்ஸ் மற்றொன்று. விலையின்றிக் கிடைப்பது, எவரும் பார்த்துத் திருத்தத்தக்கது. முன்னதைக் கைவிட்டுப் பின்னதை ஏற்குமாறு ஓர் எழுத்தரையோ கணக்கரையோ இசைவிப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு நான் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சி இப்போது எதற்கு என்று நண்பர்கள் வினவலாம். விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டெனினும் அது தற்காலிகமானதே. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுகிறது. பழைய செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. லாமிங்டன் சாலையில் இரண்டாம் கைப் பெட்டியாக வாங்கி, தாராவியிலும் செம்பூரிலும் சிறு அலுவலகங்களில் இன்றும் குறைவின்றி உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகள் பல இவ்வகையின. நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கி எறிந்து புதியது வாங்கு என்று சிறு வணிகரிடம் சொல்வது எளிது, வாங்குபவர் அவரல்லவா!

கட்டற்ற மென்பொருளில் பற்றுடைய நம் மாணவர்கள் பெரும்பாலும் ‘உரிமை’ என்னும் சொல்லிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். சொல் உயர்ந்ததுதான். ஆயினும் மாலைக்குள் பில்லெல்லாம் போட்டு முடித்து, சயான் நிலையத்தில் வண்டி பிடிக்க வேண்டியவருக்கு அச்சொல் காதில் ஏறாது. தாராவியில் தோல்பை வணிகம் செய்யும் ஒரு சிற்றலுவலகத்தில் நான் சில வாரம் உதவியாக இருந்தேன். அங்கே கணக்கு எழுதும் அக்கா திருநெல்வேலிப் பக்கத்தவர். லினக்ஸை ஒரு விரற்சேமிப்பியிலிருந்து இயக்கிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா என் கை இதுல ஓடாதே. முதல்ல மார்ச் கழியட்டும்” என்றார்.

அந்தச் சிறு விடையில் இப்பொருளின் உயிர்நிலையே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பத்தாண்டுப் பழக்கத்தில் திரையைப் பாராமலே விசைகளைத் தட்டும் வேகம் அவர் ஈட்டிய செல்வம். அந்த வேகத்தை நம்பியே அவருக்குச் சம்பளம். மாறு என்று நாம் சொல்லும்போது, அச்செல்வத்தைச் சில திங்கள் இழந்து மீண்டும் கற்றுக்குட்டியாக நில் என்கிறோம். அவர் தயங்குவதை அறியாமை என்று சொல்வது முறையாகாது. மார்ச்சு என்பதும் வெறுஞ்சாக்கன்று. நிதியாண்டு முடியும் திங்களில் எந்த அலுவலகத்திலும் எதையும் மாற்றலாகாது.

பெரிய நிறுவனங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றும் பணி 2013-இல்தான் நிறைவேறியது. இத்தனை காலம் ஏன்? துறைதோறும் ஊழியர் தத்தமக்கெனச் செய்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான படிவங்களையும் மேக்ரோக்களையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே தனி மென்பொருள் ஒன்றையும் எழுதினார்கள். இவ்வளவு உழைத்தும், 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் மாற்றம் ஒரு காரணம். வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரிவரத் திறப்பதில்லை என்ற ஊழியர் முறையீடு மற்றொன்று. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007-ஆம் ஆண்டளவில் சூசே லினக்ஸுக்கு மாறியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எல்.ஐ.சி.யும் லினக்ஸ் கணினிகளைப் பெருமளவில் பயன்படுத்தி வந்துள்ளது. காப்பீட்டுக் கிளை எழுத்தர் நாள் முழுதும் காண்பது பாலிசித் திரை ஒன்றையே. அடியில் இருப்பது எந்தத் தளம் என்பது அவரைத் தொடுவதில்லை. அத்தகைய இடத்தில் மாற்றம் எளிது.

சிறு வணிகரின் நிலை அப்படியன்று. அவருக்கு டாலி வேண்டும். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. மின்னொப்பச் சாவிக்குரிய இயக்கி வேண்டும். மலிவு என்று வாங்கிய லேசர் அச்சுப்பொறி லினக்ஸில் முரண்டு பிடிக்கலாம். இதை முதலிலேயே சோதியாமல் வாக்குக் கொடுப்பவர் பின்னர் முகங்காட்ட இயலாது. மும்பையில் மராத்தி மடலும் தமிழ் அழைப்பிதழும் ஒரே மேசையில் அடிக்க வேண்டிவரும். யூனிகோடு முறையில் இரண்டும் லினக்ஸில் செவ்வனே அமைகின்றன. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை மட்டும் மாற்றியாக வேண்டும்.

ஆகவே நான் அக்காவிடமும் முதலாளியிடமும் பேசியது இயங்குதளத்தைப் பற்றியன்று. விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் லிப்ரே ஆபீஸையும் பயர்பாக்ஸையும் நிறுவினோம். விலைப்பட்டியலும் கடிதமும் அதில் பழகட்டும். கை அதற்குப் பழகிவிட்டால், அடியிலுள்ள தளம் மாறும்போது புதிதாகக் கற்பதற்கு மிகுதி இராது. பயிற்சிக்கு நம் நகரத்திலேயே நல்ல துணை இருக்கிறது. பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் ஏறத்தாழப் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாக்கியது. திரை ஆங்கிலத்தில் இருக்கும்; விளக்கம் தமிழில் ஒலிக்கும். ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு, மறுபக்கம் தாமே செய்து பார்க்கலாம்.

அவ்வலுவலகத்தின் நான்கு கணினிகளில் டாலி உள்ளதை எவரும் தொடுவதில்லை என்பது முதலாளியோடு செய்துகொண்ட உடன்பாடு. அதை இணையத்திலிருந்து இயன்றவரை விலக்கி வைப்பது என்றும் பேசினோம். கடிதம் அடிக்கும் பழைய பெட்டி ஒன்றே முதலில் மாறும். அதற்கு அக்கா குறித்துக்கொடுத்த காலம் ஏப்ரல் இரண்டாம் வாரம்.